நான்கு சட்டியில் வெந்த பாகம்

மலைமேல் அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்நீர் இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் என்ற பேச்சு எழுந்த நாள்முதல், என் தமையனுக்கு எங்கள் வாய்க்காலோர நஞ்சையின்மேல் கண் விழுந்திருந்தது. அவனை மரியாதைப் பன்மையில் எழுத என் கை இணங்கவில்லை.

தகப்பனார் விட்டுச்சென்றவை இரண்டே துண்டு: அந்த நஞ்சையும், வருசநாட்டு மலையடியில் ஒரு கல்லாங்காடும். எங்கள் வகையறாவில், பாகம் பிரிக்க எவன் முந்திக் கேட்கிறானோ அவன் பிந்தியே நிலத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஆகையால் தமையன் வாய் திறவாமல், நான் திறப்பதற்குக் காத்திருந்தான்.

நான் சிங்கப்பூரில் ஜப்பானியர் ஒருவரின் சாப்பாட்டு விடுதியில் அடுப்படி வேலை பார்த்துத் திரும்பியவன். அவர்கள் வருஷப்பிறப்புக்கு ஆக்கும் காய்கறிப் பதார்த்தத்தை அவ்வாண்டுத் தைப்பொங்கலுக்கு வீட்டில் சமைக்கலானேன். சேப்பங்கிழங்கு, முள்ளங்கி, தாமரைக்கிழங்கு, அவரைக்காய் ஆகியவற்றைத் தனித்தனிச் சட்டியில் வேகவைப்பதே அதன் முறை. ஒன்றாகப் போட்டால் முள்ளங்கியின் வாடை கிழங்கில் ஏறும். அவரையின் பச்சை மங்கும். சேம்பை ஆறு பட்டையாகச் சீவி, பயற்றைப் புளிக்கவைத்து அவர்கள் இறக்கும் கறுத்த உப்புச்சாற்றோடு கருப்பட்டியும் சேர்த்துச் சிறு தீயில் சுண்டவிட்டேன்.

மதினி வந்து எட்டிப் பார்த்தாள்.

“மிளகா இல்ல, மஞ்ச இல்ல, தாளிப்பு இல்ல. எந்தச் சீக்காளிக்கு ஆக்குறீக, கொழுந்தனாரே?” என்றவள், தாமரைக்கிழங்கு வில்லையொன்றைக் கண்ணருகே பிடித்து, “இந்த ஓட்டை வழியா எங்கன பாக்குறீக, வாய்க்கால் பக்கமா?” என்றாள்.

நான் அவரைச் சட்டியை இறக்கினேன். என் மனைவியால் பொறுக்க முடியவில்லை.

“ஏன்க்கா, உங்க வீட்டு மாமா முந்தியே பாத்து வச்ச பக்கம்தானே?”

மதினி வில்லையைச் சட்டியில் எறிந்துவிட்டு வெளியேறினாள். சற்று நேரத்தில் தமையன் எங்கள் தாய்மாமனை அடுப்படிக்கே அழைத்துவந்தான். மாமன் பெரியகுளத்திலிருந்து விருந்துக்கு வந்தவர். தமையன் அனுப்பிய வண்டியில் வந்தவர்.

“பாருங்க மாமா. நல்ல நாளும் அதுவுமா ஒரே வீட்டுல சட்டி பிரிச்சு வச்சிருக்கான். இதுக்கு மேல வேற கேக்கணுமா?”

“அது காயை வேகவைக்கிற முறை, மாமா. நான் பங்கு கேக்கலை.”

“வாய் கேக்கலைடா, சட்டி கேட்டுருச்சு,” என்றான் தமையன்.

“ஏலே, பொங்கலன்னிக்கு நம்ம வீட்டுல எத்தனை காயும் ஒரு பானைதானலே,” என்றார் மாமன். வாடையையும் நிறத்தையும் நான் விளக்க விளக்க, அவர் சேப்பங்கிழங்கு ஒன்றை எடுத்து மென்றுகொண்டிருந்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா பிரிச்சது நீ. முன்னால எடுக்கிறது அண்ணன்தான்.”

இலை போடுமுன்பே தமையன் வாய்க்காலோரத்தைத் தனதென்று அறிவித்தான். அன்று மாலையே நானும் என் மனைவியும் மாட்டுத் தொழுவத்தின் ஓரம் அடுப்புக் கூட்டினோம்.

சில ஆண்டுகளில் அணைநீர் வந்தது. அவன் வயலில் இருபோகம் விளைந்தது. என் கல்லாங்காட்டில் மழை பெய்த வருஷம் கொள்ளு விளைந்தது. அவன் மாண்டபோது ஊரார் வந்து அழைத்தார்கள். தெருமுனை வரை சென்று நின்றேன். அதற்கப்பால் கால் வைக்க ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.