அத்தையின் கத்திரிக்கு ஒரு டின் நாற்றம்

என் சித்தப்பா கெட்டிக்காரர் என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்தக் கெட்டிக்காரர் என்னை வைத்துச் செய்த வேலை இது.

எங்கள் வீடு கோட்டுச்சேரியில். அத்தையைக் கட்டிக்கொடுத்தது பொறையாற்றில். பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான், ஆனால் நடுவில் எல்லை. அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. எங்கள் காரைக்கால் பக்கம் சாராயக்கடை திறந்திருக்கும். அதனால் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி மூட்டை முடிச்சையெல்லாம் கிளறுவார்கள்.

அத்தையின் கொல்லையில் கத்திரிச் செடிகள் மஞ்சளித்துப்போயின. அந்தக் காயை விற்றுத்தான் அவள் உலை வைத்தாள். மாமா சம்பாதிக்கிற ஆள் இல்லை. களைச்செடியில் உரத்தண்ணீர் செய்து தருவதாகச் சித்தப்பா வாக்குக் கொடுத்தார். செய்தது நான். எருக்கு, காட்டாமணக்கு, வாய்க்காலில் மண்டிய ஆகாயத்தாமரை எல்லாவற்றையும் பிடுங்கி நறுக்கி, சாணியோடு தொட்டியில் ஊறப்போட்டு, தினமும் கம்பால் கலக்கினேன். புழு நெளிந்தது. எந்தச் சோப்புக்கும் கை நாற்றம் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைத் தனியாக ஜன்னலோரம் உட்காரவைத்தார். பொறுத்துக்கொண்டேன். செடி பிழைத்தால் போதும்.

சித்தப்பா அதை வடிகட்டி டின்னில் அடைத்தார். மூடியை இறுக முறுக்கி வெயிலில் வைத்தார். வீரியம் ஏறுமாம். பஸ்ஸில் டின்னை என் மடியில் வைத்தார். என் காலடியில் ஒரு துணிப்பை, அத்தைக்குப் பழைய சேலைகள். சேலைக்குள் மாமாவுக்கு இரண்டு பிராந்தி பாட்டில். அது எனக்குத் தெரியாது.

செக்போஸ்ட்டில் ஏறிய போலீஸ்காரர் நேராக என்னிடம் வந்தார்.

"டின்னுல என்ன?"

"தழை ஊறவச்ச தண்ணிங்க. கத்திரிக்கு உரம்," என்றார் சித்தப்பா, ரொம்பப் பணிவாக.

"போன வாரம் ஒருத்தன் இளநீருன்னான். தெற."

"தெறக்க வேணாங்க ஐயா."

அப்படிச் சொன்னால் எந்தப் போலீஸ்காரர் சும்மா இருப்பார்? அவரே மூடியைத் திருகினார். புஸ்ஸென்று பச்சையாகப் பீறிட்டு, அவர் மீசையிலும் காக்கிச் சட்டையிலும் அடித்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். ஒருவர் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தார். போலீஸ்காரர் திரும்பாமல் பின்னாலேயே நடந்து இறங்கி, வண்டியை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். "மூடித் தொலை பாப்பா," என்றார் கண்டக்டர். முக்கால் டின் மிச்சம் இருந்தது. சித்தப்பா என்னைச் சிங்கக்குட்டி என்றார். நானும் நம்பினேன்.

பொறையாற்றில் மாமா வாசலுக்கே ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார். உரத்துக்காக இவ்வளவு ஆசையா என்று எனக்குப் பெருமை.

பொழுது சாயும்போது அவர் கொல்லையில் தென்னைமரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அத்தை பார்த்தாள். உள்ளே போய்ச் சேலைகளை உதறிவிட்டுத் திரும்பி வந்தாள். சித்தப்பா செருப்பைத் தேடினார். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலக்கணும் என்று நான் அத்தைக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காமல் டின்னில் இருந்ததில் பாதியை மாமா தலையிலும் மீதியைச் சித்தப்பா தலையிலும் கவிழ்த்தாள்.

"கத்திரிக்குத்தானே கேட்டீங்க, அத்தை?"

அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். உரம் வீணாகிவிட்டதே என்றுதான் அழுகிறாள் என நினைத்தேன். தொட்டியில் இன்னும் நிறைய இருக்கிறது, அடுத்த வாரமே சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சமாதானம் சொன்னேன்.