பதினேழாவது கேள்வி

அச்சகத்தில் அவளைக் கால்புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். குள்ளமான உருவம், நடக்கும்போது லேசாக முன்னால் வளைந்திருப்பாள். போதாததற்கு, விட்டுப்போன ஒரு கால்புள்ளிக்காக முதலாளியின் அறையில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவள். இருபத்தாறு வருஷம் மெய்ப்புத் திருத்தினாள். அச்சகம் மூடியபோது கையில் மிஞ்சியது தடித்த மூக்குக்கண்ணாடியும், அச்சில் வந்த எதையும் நம்பாத குணமும்தான்.

ஐம்பத்திரண்டு வயதில் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் அவளுக்கு ஆறு மாத ஒப்பந்த வேலை கிடைத்தது. வெளிநாட்டில் யாரோ எழுதிய ஒரு கேள்வித்தாள். பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுப் பிள்ளைகளின் மனம் எப்படி இருக்கிறது என்று அளப்பதற்கானது. முப்பது வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்பதில் தொடங்கி ‘எப்போதும்’ வரை ஐந்து கட்டம். அதை மொழிபெயர்த்துவிட்டால் மட்டும் போதாதாம். மொழிபெயர்த்த தாளும் அதே சங்கதியைத்தான் அளக்கிறது என்று நிரூபிக்க வேண்டுமாம். அதற்கு ஐந்து நிபுணர்கள் கொண்ட குழு ஒன்று. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஐந்து பேரும் ‘பொருத்தம்’ என்று கையெழுத்துப் போட்டால்தான் அது தாளில் நிற்கும். அந்த ஐந்து பேரில் கடைசியாகப் பதினான்கு வயதைக் கடந்தவருக்கே இப்போது ஐம்பத்தெட்டு.

குறிப்பெடுப்பது கால்புள்ளியின் வேலை. முதல் கூட்டத்திலேயே பதினேழாவது வாக்கியம் மாட்டிக்கொண்டது. முதலில் மொழிபெயர்த்தவர் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ‘செத்துப்போய்விடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது’ என்று பட்டென எழுதியிருந்தார்.

“ரொம்பக் கொச்சையா இருக்கே,” என்றார் மொழித்துறைப் பேராசிரியர். பல் வலிப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

“கொச்சை மட்டுமில்ல சார், ஆபத்து,” என்றார் உளவியல் துறைத்தலைவர். “இப்படி நேராக் கேட்டா, இல்லாத எண்ணமும் வந்துடும்.”

முக்கால் மணி நேரம் யோசித்து, இரண்டு முறை காபி குடித்து, மொழித்துறைக்காரர் ஒரு வாக்கியத்தைப் பெற்றெடுத்தார்: ‘வாழ்வின் மீதான பற்று அருகி வருவதாக உணர்கிறேன்.’ குழு தலையாட்டியது. ஒருவர் மேஜையைத் தட்டிப் பாராட்டவும் செய்தார். தலையாட்டியவர்களில் ஒருவர்கூடத் தன் வீட்டுப் பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டிப் பார்ப்போம் என்று சொல்லவில்லை.

அதைச் செய்யத்தான் கால்புள்ளி. பன்னிரண்டு பிள்ளைகளிடம் தனித்தனியே உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமும் அவர்களுக்கு என்னவாகப் புரிகிறது என்று எழுதி வர வேண்டும். முறைப்படி இது முதலில் முடிந்து, அப்புறம்தான் தாள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் போக வேண்டும். ஆனால் துறைத்தலைவருக்கு ஒரு மாநாடு காத்திருந்தது. அதனால் முந்தின வாரமே முந்நூறு பிள்ளைகளைக் கூடத்தில் உட்கார வைத்துத் தாளை நிரப்பி வாங்கியாகிவிட்டது. அந்த முந்நூறில்தான் இந்தப் பன்னிரண்டு பேரும் அடக்கம்.

பள்ளியில் அவளுக்கு ஒதுக்கியது விளையாட்டுச் சாமான் அறை. காற்றிறங்கிய பந்துகளுக்கு நடுவே இரண்டு நாற்காலி. முதலில் வந்த பையனிடம் பதினேழைக் காட்டினாள்.

“அருகி வருதுன்னா உனக்கு என்னப்பா புரிஞ்சுது?”

“கிட்ட வருது மிஸ். அருகில்னா பக்கத்துலதானே. வாழ்க்கை மேல ஆசை பக்கத்துல வருது.”

“நீ எதுல டிக் போட்ட?”

“எப்போதும்.” சொல்லிவிட்டு ஈயென்று சிரித்தான். அவனைப் பார்த்தால் வாழ்க்கை அவன் மடியிலேயே உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது.

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவனும். பதினொரு பேர் வரிசையாக வந்து, அருகி என்றால் அருகில் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். சந்தோஷமான பிள்ளையெல்லாம் ‘எப்போதும்’. முகம் வாடிய ஒரு பையன் மட்டும் ‘ஒருபோதும் இல்லை’.

பன்னிரண்டாவதாக வந்தவள் ஒடிசலாக, உயரமாக இருந்தாள். பதினைந்து வயது. தாளில் அவள் எண் இருநூற்றுப் பதினொன்று.

“குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு அர்த்தம் மிஸ்.”

பதினொரு தப்புக்குப் பிறகு வந்த முதல் சரி. கால்புள்ளிக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த ஒரு கணத்துக்காகப் பின்னால் பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

“நீ எதுல டிக் போட்டம்மா?”

“எப்போதும்.”

எழுதியிருப்பதைத் தாண்டிப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று விதிமுறைத் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கால்புள்ளி அதைக் கவிழ்த்து வைத்தாள்.

“செத்துடலாம்னு தோணுதா?”

அந்தப் பெண் காற்றிறங்கிய பந்து ஒன்றைக் காலால் மெல்ல உருட்டினாள். “ஆமா மிஸ். கொஞ்ச நாளாவே. இதுல ரொம்பக் கஷ்டமான வார்த்தையா போட்டிருந்தாங்களா, படிக்கிறவங்களுக்கும் புரியாதுன்னு நெனச்சுத்தான் உண்மையப் போட்டேன்.”

கால்புள்ளி அதற்கு மேல் எதையும் எழுதவில்லை. “எனக்குப் புரிஞ்சுதும்மா. வா, சேர்ந்தே போலாம்,” என்று அவள் கையைப் பிடித்துப் பள்ளி நர்ஸிடம் அழைத்துப் போனாள். அம்மா வேலையிடத்திலிருந்து அரக்கப்பரக்க வந்து சேரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே மூன்று பேருமாக மருத்துவமனைக்குப் போனார்கள். நேரடியாகக் கேட்டது நல்லதாகப் போயிற்று, கேட்பதால் அந்த எண்ணம் யாருக்கும் புதிதாக வருவதில்லை என்று அங்கிருந்த மனநல மருத்துவர் சொன்னார். துறைத்தலைவரும் மனதைப் பற்றித்தான் படித்தவர்.

மறுநாள் காலை துறைக்குப் போனால் அங்கே வேறு கவலை. கணக்குப் போடும் புள்ளியியல்காரர் கணினித் திரையைக் காட்டிக்கொண்டிருந்தார். “இருபத்தொன்பது கேள்வியும் ஒரே திசையில போகுது சார். இந்தப் பதினேழு மட்டும் தலைகீழா நிக்குது. மத்த கேள்வியில சந்தோஷமா இருக்கிற பசங்கதான் இதுல ‘எப்போதும்’னு போடறாங்க.”

“என்ன பண்ணலாம்?”

“இதோட மதிப்பெண்ணை மட்டும் திருப்பிப் போட்டு, ‘எப்போதும்’னு போட்டவங்க சந்தோஷமானவங்கன்னு கணக்கு வெச்சுட்டா சரியாயிடும். எண் அழகா வந்துடும்.”

துறைத்தலைவர் முகம் மலர்ந்தது. கால்புள்ளி பன்னிரண்டு பேர் சொன்னதையும் வரி வரியாகப் படித்துக் காட்டினாள். பிறகு சொன்னாள்: “நீங்க திருப்பிப் போட்டீங்கன்னா, இந்தக் கேள்வியில இருநூத்திப் பதினொண்ணும் ரொம்ப சந்தோஷமான பொண்ணாயிடுவா சார். அவ நேத்து ஆஸ்பத்திரியில இருந்தா.”

“நீங்க விதிமுறையை மீறிக் கேட்டிருக்கீங்க. அது தனி விஷயம். அப்புறம் பேசிக்கலாம்,” என்றார் துறைத்தலைவர். “ஒரு பொண்ணுக்காக முந்நூறு தாளையும் தூக்கிக் குப்பையில போட முடியுமா?”

“அந்த ஒரு பொண்ணைக் கண்டுபிடிக்கத்தானே சார் இந்தத் தாளு?”

புள்ளியியல்காரர் திரையைப் பார்த்தார். பாவம், அவருக்கு அதில்தான் மனிதர்கள் தெரிவார்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “மேல போற பட்டனை அமுக்குனா லிஃப்ட் கீழ போகுதுன்னு வை. நாங்க ஒயரைப் பிரிச்சுப் பார்ப்போம். இவங்க பட்டன் மேல ஸ்டிக்கரை மாத்தி ஒட்டுறாங்களா?”

“ஆமாங்க. ஒட்டிட்டு அதுக்கு மாநாடும் போடறாங்க.”

வாக்கியங்கள் எல்லாம் பிள்ளைகளுக்குத் தெளிவாகப் புரிந்தன என்று அறிக்கை தயாராகி அவள் கையெழுத்துக்கு வந்தது. அவள் போடவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, இருபத்தாறு வருஷப் பழக்கத்தோடு ஓரங்களில் திருத்தக் குறிகளைப் போட்டாள். பதினேழுக்கு எதிரே பதினொரு பிள்ளைகள் சொன்னதை அப்படியே எழுதி, பிரதியெடுத்து, நிபுணர்கள் ஐந்து பேருக்கும் அனுப்பினாள். மறுநாளே அவளுடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அதில் மூன்று எழுத்துப்பிழை.

நான்கு நிபுணர்கள் வாயே திறக்கவில்லை. ஐந்தாமவர், அந்த மொழித்துறைக்காரர், அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“‘அருகி’யை ‘அருகில்’னா படிச்சாங்க?”

“பதினொரு பேரும் அப்படித்தான் படிச்சாங்க சார்.”

“எவ்வளவு அழகான சொல்லு அது.” குரல் தழுதழுத்தது. அந்தப் பெண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கால்புள்ளி தானாகவே சொன்னபோதும், “ஓ, அந்தப் பொண்ணாவது சரியா படிச்சிருக்கே,” என்றார். தொலைபேசியைச் சுவரில் எறியலாம் போலிருந்தது அவளுக்கு.

ஆனால் நடந்தது இதுதான். தன் வாக்கியத்தைப் பிள்ளைகள் தப்பாகப் படிக்கிறார்கள் என்ற சேதி வெளியே போனால், சக பேராசிரியர்கள் பார்த்துச் சிரிப்பார்களே என்று அவருக்குத் தூக்கம் போய்விட்டது. போட்ட ‘பொருத்த’த்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். ஐந்தில் ஒன்று குறைந்தால் வாக்கியம் நிற்காது. துறைத்தலைவர் கெஞ்சிப் பார்த்தார், அவர் மசியவில்லை. மனசாட்சி எட்டிப் பார்க்காத அந்த அறையில், ஒரு மனிதரின் வீம்பு வந்து வேலையை முடித்துக் கொடுத்தது.

மாநாட்டுக்கு முன் இன்னொரு வாக்கியத்தைப் பெற்றெடுக்க நேரமில்லாததால், ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு ஆரம்பப் பள்ளி ஆசிரியையின் வாக்கியமே திரும்ப வந்தது. முந்நூறு பிள்ளைகளும் மறுபடி உட்கார்ந்தார்கள். ‘செத்துப்போய்விடலாம்’ என்பதை யாரும் தப்பாகப் படிக்கவில்லை. பதினான்கு பேர் ‘அடிக்கடி’, ‘எப்போதும்’ என்று போட்டிருந்தார்கள். பள்ளிகளுக்கு அவசரமாகத் தகவல் போயிற்று. பதினான்கு வீடுகளில் அன்று பெற்றவர்கள் பாதி வேலையில் எழுந்து ஓடினார்கள்.

துறைத்தலைவர் மாநாட்டுக்குப் போனார். எளிய மொழியின் அவசியம் பற்றி நாற்பது நிமிஷம் பேசினாராம், பாதிக்கு மேல் யாருக்கும் புரியவில்லையாம். அவரோடு அங்கே போய்வந்த துறையின் தட்டச்சுக்காரி சொல்லிச் சிரித்தாள். கால்புள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இப்போது ஒரு மருந்துக் கம்பெனிக்காக மாத்திரைப் பெட்டியில் மடித்து வைக்கும் காகிதங்களைத் திருத்துகிறாள். ‘உணவுக்கு முன்’ என்பதை யாரோ ‘உணவுக்கு மூன்று’ என்று அடித்திருந்ததைப் போன வாரம் பிடித்தாள்.

அந்தப் பெண்ணின் அம்மா எப்போதாவது கூப்பிடுவார். கடைசியாகப் பேசியபோது, “இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் கோபப்படறாக்கா. கதவ டமால்னு சாத்தறா. டாக்டர் பரவாயில்லைங்கறாரு,” என்றார்.

“சாத்தட்டும் விடும்மா,” என்றாள் கால்புள்ளி. “தாழ்ப்பாள் மட்டும் போட விடாத.”