எதேரியின் சீட்டும் கொசிமோவின் பேய்க்கணவாயும்

எதேரி இத்தாலியின் பாரி நகரத்துக்கு வந்தது மூன்று மாதச் சுற்றுலா அனுமதியில். அது முடிந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. எங்கள் ஜார்ஜியாவில் அவள் கணக்கு டீச்சர். இங்கே கொசிமோ என்ற தொண்ணூற்றொரு வயது மீனவருடைய வீட்டில் தங்கி, அவரைப் பார்த்துக்கொள்கிறாள். வியாழன் மதியமும் ஞாயிறும்தான் வெளிக்காற்று.

ஊரில் அவள் அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. போய்ப் பார்க்கலாம். ஆனால் தங்கும் அனுமதிக் காகிதம் இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது, வராவிட்டால் அம்மாவின் கண் மருந்துக்குப் பணம் அனுப்ப ஆளில்லை.

வியாழக்கிழமைகளில் பூங்காவில் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கூடுவோம். ஆளுக்கொரு வழி சொல்வார்கள்.

"கிழவனக் கட்டிக்கோடி, காகிதம் தானா வரும்" என்பாள் நானுலி.

"கட்டிக்கிட்டா இதே வேலையச் சம்பளம் இல்லாம பாக்கணும்" என்பாள் எதேரி.

"அப்ப மாணவி விசா?"

"நாப்பத்தொன்பது வயசுல எந்த பெஞ்சுல உக்கார?"

"வசதியானவங்களுக்கு ஒண்ணு இருக்காமே. சும்மா உக்காந்து சாப்பிட்டா போதுமாம்."

"சும்மா உக்காரத் தெரிஞ்சா நாம ஏண்டி இங்க வர்றோம்?"

கடைசியில் ஒரு வழி திறந்தது. காகிதம் இல்லாத ஆளை வேலைக்கு வைத்திருப்பவர்கள் தாங்களே விண்ணப்பிக்கலாம் என்று அரசு அறிவித்தது. கொசிமோ கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இரண்டு வருடம் கழித்துக் கடிதம் வந்தது: மார்ச் பதினான்கு, முதலாளியும் வேலையாளும் நேரில் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

ஜனவரியில் கொசிமோவுக்கு நிமோனியா வந்தது. பிழைத்தார். ஆனால் விழுங்க மறந்துபோனார். சாப்பாட்டைத் துப்பினார்.

எதேரியின் விடுமுறை நாட்களில் அவருக்குத் துணை நான்தான். முறையாகப் பயிற்சி பெற்றவள். இந்த ஊரில் பத்தொன்பது வருடத்தில் பதினோரு முதியவர்களைக் கடைசி மூச்சு வரை பார்த்து வழியனுப்பியிருக்கிறேன். அவளிடம் ஒளிக்கவில்லை.

"மார்ச் வரைக்கும் தாங்குறது கஷ்டம்டி."

"தாங்கணும் அக்கா."

அன்றிலிருந்து கரண்டியும் கையுமாக அவர் பின்னால் திரிந்தாள். காலையில் கஞ்சி, பத்து மணிக்குக் கஞ்சி, மதியம் காய்கறிக் கஞ்சி. ஒருநாள் நான் அங்கே இருந்தபோது கிழவர் வாயை இறுக்கிக்கொண்டார். அவள் கன்னத்தை அழுத்தித் திறக்கப் பார்த்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"புரையேறிச் செத்தா மார்ச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கொசிமோ சிரித்தார். "என் மேல பாசம்னு நெனச்சியா? நான் செத்தா அவ காகிதம் செத்துரும்ல."

எதேரிக்கு முகம் சிவந்தது. "ஆமா தாத்தா. பொய் சொல்லல. பதினாலாம் தேதி வரைக்கும் இருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

"வாய்க்குள்ள சிமெண்ட் ஊத்துறியே, எப்படி அதுவரைக்கும் இருக்கிறது? எட்டுக்கால் பேய்க்கணவாய் குடு. பச்சையா. பாறையில அடிச்சு, நுரைக்கக் கழுவி, சுருட்டினது."

"பல்லே இல்ல, பேய்க்கணவாயா?"

"அப்ப சவப்பெட்டிக்கு ஆர்டர் குடு."

வேறு வழியில்லை, நான்தான் யோசனை சொன்னேன். துறைமுகத்தில் அடித்த பேய்க்கணவாயின் ஒரு காலைப் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியில் முடிந்து, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு வாயில் வைத்தோம். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாழ்த்தி, சாற்றை மட்டும் உறிஞ்ச விட்டோம். கண்ணை மூடி இருபது நிமிடம் சப்பினார். பிறகு எட்டுக் கரண்டி கஞ்சி இறங்கியது. அதுதான் ஒப்பந்தம் ஆயிற்று: கணவாய்க்குக் கஞ்சி.

மார்ச் பதினான்கில் அவருக்குக் கோட்டு மாட்டி, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம். அலுவலர் கேட்டார்: "இந்தம்மா உங்ககிட்டதான் வேலை பாக்குறாங்களா?"

"நான்தான் இவகிட்ட வேலை பாக்குறேன். சாகாம இருக்கிற வேலை."

கையெழுத்துப் போட நாலு நிமிடம் ஆனது. எதேரி கையில் ஒரு சீட்டு கிடைத்தது, அனுமதி அட்டைக்கு விண்ணப்பித்ததற்கான ரசீது.

அடுத்த ஞாயிறு எங்கள் ஊருக்குப் பொட்டலமும் ஆளும் ஏற்றிப் போகும் சிற்றுந்தில் அவளுக்கு இடம் பிடித்தேன். பத்து நாளைக்கு நான் கிழவரைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவள் பெட்டியோடு கிளம்பினாள். ஒரு மணி நேரத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"டிரைவர் ஏத்தல அக்கா. வண்டி கிரேக்க நாட்டு வழியாப் போகுது, இந்தச் சீட்ட அங்க ஒத்துக்க மாட்டாங்களாம். அட்டை கைக்கு வரணுமாம். நேரா போற விமானமும் கோடையிலதான்."

பிழை என்னுடையது. பதினைந்து வருடமாக என்னிடம் அட்டை இருக்கிறது. சீட்டோடு வாழ்ந்த காலம் எனக்கு மறந்துபோயிருந்தது.

கொசிமோ கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். பதினான்காம் தேதி முடிந்ததும் அவர் கஞ்சியை நிறுத்தியிருந்தார். ஐந்து நாளாகத் தண்ணீர் மட்டும்தான். நாங்களும் வற்புறுத்தவில்லை, வாக்கு வாக்குதான்.

"அட்டை எப்ப வரும்?"

"கைரேகை வைக்கவே நாலு மாசம் தாத்தா. அன்னிக்கும் எனக்கு இந்த வேலை இருக்கணுமாம்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எதேரி பெட்டியைப் பிரிக்கவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அறையில் மூன்று பேர், ஒருவருக்கும் போக இடமில்லை.

கொசிமோ சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "துறைமுகத்துக்குப் போ. பெருசா ஒண்ணு வாங்கிட்டு வா. நல்லா அடிக்கச் சொல்லு."

நான் காஸ் துணியைக் கொதிக்க வைக்க எழுந்தேன்.