மூணாம் லெச்சுமியின் முழுப்பேர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அட்டன் பெரிய வீதியிலுள்ள என் துணிக்கடையின் கதவுப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நாலாம் லெச்சுமி வந்து நின்றார். வேலை நாளில் தோட்டத்துப் பெண் டவுனுக்கு இறங்கி வந்தால் அது நல்ல செய்தியாக இருப்பதில்லை.

"கோடித்துணி வேணும் நானா" என்றார். முஸ்லிம் கடைக்காரன் என்பதால் தோட்டத்து மக்களுக்கு நான் நானா.

"யாருக்கும்மா?"

"மூணாம் லெச்சுமிக்கு. விடியக்காலையில போயிட்டாங்க."

இன்னாலில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. கஜக்கோலைக் கையில் எடுத்தவன், எதை அளக்க வந்தேன் என்பதை மறந்து நின்றேன்.

வெளியூர் வாசகர்களுக்கு இந்த மூணாம், நாலாம் விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் விடிகாலையில் பெரட்டுக் களத்தில் தொழிலாளரை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். இவர்களின் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரே கூட்டத்தில் நான்கு லெச்சுமிகள் இருந்தார்கள். வேலை வாங்கும் கங்காணிக்குக் குழப்பம் வராமலிருக்க ஆளுக்கொரு நம்பர் போட்டுவிட்டார். அந்த நம்பர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டிலும் ஏறிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் லெச்சுமி. தோட்டம் வைத்த பெயர் மூணாம் லெச்சுமி. மூத்த லெச்சுமி ஒருவர் கண்ணை மூடினால் அடுத்தவர் ஒரு படி மேலே ஏறுவார் என்பதும் வழக்கம்.

இன்னொரு சொல்லும் தேவை. தோட்டத்தில் ஒரு நாள் முழுவதும் வேலை செய்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். பாதியில் போனால் அரைப்பேர். கூலியைக்கூடப் பேர் என்றுதான் சொல்வார்கள். இறந்துபோன லெச்சுமி அம்மையாரின் வாழ்க்கை முழுவதும் இந்தச் சொல்லைச் சுற்றித்தான் நடந்தது.

நான் அவரை அறிந்தது நாற்பத்தேழாம் ஆண்டுத் தேர்தல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. ரவிக்கைத் துணி வாங்க வந்தவர், துணியைப் பார்க்காமல் தேர்தலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அப்போது எங்கள் தொகுதியில் தோட்டத்து ஓட்டுத்தான் பெரும்பான்மை. வேட்பாளர்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் வந்து கும்பிட்டார்கள். தோட்டத்து மக்களின் வேட்பாளரே வென்றார். ஆனால் லெச்சுமிக்கு அந்த வெற்றி பெரிதாகத் தெரியவில்லை.

"வீரன் மகள் லெச்சுமின்னு கூப்பிட்டாங்க நானா. வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு நான் பின்னாடி திரும்பிப் பாத்தேன். அப்புறந்தான் தெரிஞ்சது, அது நான்தான்னு. நம்பர் இல்லாம முழுசா ஒரு பேரு. உள்ள போயி ஓட்டுச் சீட்டுல புள்ளடி போட்டேன். கை நடுங்கவே இல்ல."

ஓட்டுச் சாவடியில் வாக்காளரின் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட வேண்டும் என்பது சட்டம். எனக்கு அது ஒரு சம்பிரதாயம். அவருக்கு அது ஒரு பட்டம்.

அடுத்த வருடம் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. சுதந்திரத்தின் கூடவே குடியுரிமைச் சட்டமும் வந்தது. அதற்கடுத்த வருடம் தோட்டத்து மக்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து வழித்தெடுத்துவிட்டார்கள். என் பாட்டனார் கண்டியில் பிறந்ததற்கு ஒரு காகிதம் இருந்தது. அவ்வளவுதான் என் யோக்கியதை, என் ஓட்டு தப்பியது. லெச்சுமியின் தகப்பன் வீரன் பிறந்ததும் இந்த மலையில்தான். லயத்தில் பிறந்ததற்கு யார் காகிதம் கொடுத்தார்கள்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொகுதிகளைப் பிரிக்கும்போது தலை எண்ணினார்களே, அந்தக் கணக்கில் தோட்டத்து மக்களும் இருந்தார்கள். அவர்களை எண்ணித் தொகுதியைக் கொடுத்துவிட்டு, ஓட்டை மட்டும் டவுன் கடைக்காரர்களிடமும் சுற்றுக் கிராமங்களிடமும் விட்டார்கள். இதை நான் விளக்கியபோது அவர் கொழுந்து நிறுக்கும் இடத்தை வைத்துப் புரிந்துகொண்டார். அங்கே கூடைக்கு, ஈரத்துக்கு என்று எடையில் கழிப்பார்கள்.

"எண்ணுறப்ப நாங்க ஆளு. ஓட்டுன்னு வந்தா நாங்க கழிவு. அதானே?"

அதேதான் என்றேன்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு கதவை மட்டும் ஒருக்களித்து வைத்திருந்தார்கள். அவருடைய விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். என் கல்லாப்பெட்டி மேல் வைத்து, என் பேனாவால், என் கையெழுத்தில் நிரப்பினேன். பெயர் என்ற இடத்தில் "லெச்சுமி, தகப்பன் பெயர் வீரன்" என்று எழுதினேன். மூணாம் என்பதை எழுதவில்லை. மனுஷிக்கு மாட்டுக்குப் போடுவதுபோல் நம்பர் போட்டு அரசாங்கத்துக்கு அனுப்புவதா என்று எனக்கு ரோசம். அவரும் தலையை ஆட்டினார். "ஓட்டுப் போட்ட பேரே போதும் நானா" என்றார். படித்தவன் என்று நம்பி வந்தவருக்கு நான் செய்த உபகாரம் இது. இதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

ஐம்பத்திரண்டில் தேர்தல் வந்தது. வேட்பாளர்களின் ஜீப்புகள் தோட்டத்து ரோட்டில் ஓடின; எந்த லயத்து வாசலிலும் நிற்கவில்லை. என் கடைக்கு மட்டும் மூன்று பேர் மாலை போட்டுக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்கள். தேர்தல் நாளன்று பள்ளிக்கூடச் சாவடியில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால், மஞ்சள் சேலையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு லெச்சுமி அம்மையார் நின்றார்.

"உங்க பேரு பட்டியல்ல இருக்காதேம்மா" என்று காதோடு சொன்னேன்.

"தெரியும். அவங்க சொல்லட்டும்."

மேசைக்கு முன்னால் போய்ப் பெயரைச் சொன்னார். எழுத்தர் புரட்டிப் பார்த்து, இல்லை என்று கையை ஆட்டினார். லெச்சுமி அம்மையார் நகரவில்லை. "யாரு இல்லைங்க ஐயா?" என்று கேட்டார். எழுத்தருக்கு எரிச்சல். "லெச்சுமி. வீரன் மகள் லெச்சுமி. பட்டியலில் இல்லை" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "நல்லதுங்க" என்று லெச்சுமி அம்மையார் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் புள்ளடி போட்டேன். என் கை நடுங்கியது.

வெளியே எனக்காகக் காத்திருந்தவரின் முகத்தில் துக்கம் இல்லை. "பேரைக் கூப்பிட்டுத்தான் நானா இல்லைன்னு சொல்ல முடியும். கூப்பிட வச்சிட்டேன்ல" என்றார். தோட்டத்துக்குத் திரும்பியதும் கங்காணி அரைப்பேர் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அதையும் கடையில் வந்து சொல்லிச் சிரித்தார். "முழுப்பேர் கேக்கப் போனேன், இருந்த பேருலயும் பாதி போச்சு."

ஐம்பத்தாறிலும் வந்தார். அந்தத் தடவை வாசலில் நின்ற காவலர் தடுத்தார். பட்டியலில் பெயர் இல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்றார். "பட்டியலைப் பாக்காம பேரு இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அவர். வரிசை முழுக்கச் சிரித்தது. காவலரும் சிரித்துவிட்டு வழி விட்டார். உள்ளே மறுபடியும் அவர் பெயர் கூப்பிடப்பட்டது, மறுபடியும் இல்லை.

அதற்குப் பிறகுதான் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. உறையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாசித்தேன். தோட்டத்துப் பதிவிலுள்ள மூணாம் லெச்சுமி என்பவரும் விண்ணப்பித்த லெச்சுமி என்பவரும் ஒருவரே என்பது நிரூபிக்கப்படவில்லையாம், ஆகவே நிராகரிக்கப்படுகிறதாம். நான் எழுதாமல் விட்ட ஒரு சொல். அதை எழுதியிருந்தால் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. வேறொரு ஓட்டையை அவர்கள் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் இந்த ஓட்டையை வெட்டிக் கொடுத்தவன் நான். அதைத் தமிழில் அவருக்குச் சொன்னேன். கடையில் வாடிக்கையாளர்கள் நின்றார்கள். வெட்கமில்லாமல் அழுதேன்.

அவர் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கடைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்தார்.

"நீங்க மரியாதை பாத்து எழுதுனீங்க. தப்பு எழுதுனவங்க மேல இல்ல. ஆளுக்கு நம்பர் போட்டவங்க மேல." பிறகு, "அடுத்த ஓட்டு எப்ப நானா?" என்று கேட்டார்.

என்னை அவர் மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், வியாபாரத்தைப் பாருங்கள் என்றிருப்பார்.

அறுபதாம் ஆண்டில் ஒரே வருடத்தில் இரண்டு தேர்தல்கள். முதல் தேர்தலுக்கு நாலாம் லெச்சுமியும் சேர்ந்து வந்தார். இரண்டாவதற்குக் கொழுந்துக் கூட்டத்திலிருந்து ஒன்பது பெண்கள் வந்தார்கள். ஒன்பது பேரும் அரைப்பேருக்குத் துணிந்து வந்தவர்கள். மேசையில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல, எழுத்தர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் அவர் குரல் கம்மிவிட்டது. என் பின்னால் நின்ற ஒரு கடைக்கார நண்பர், இதென்ன வீண் வேலை, ஓட்டா விழப்போகிறது என்று முணுமுணுத்தார். நீ போட்ட ஓட்டை வைத்து என்ன கிழித்தாய் என்று கேட்டேன். அவர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

பிறகு இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்தது. இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்தன. தோட்டத்துக்கு வந்து யார் போகிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். வட்டவளைப் பக்கத்தில் கட்டிக்கொடுத்த அவருடைய மகள் குடும்பம்கூட மனம் தடுமாறி நின்றது. அவர் என் கடையில் உட்கார்ந்து சொன்னது இது:

"எங்க ஊருக்குப் போகச் சொல்றாங்க. எங்க ஊருலதானே நானா இருக்கேன், எதுக்கு ரெயிலு?"

அறுபத்தைந்துத் தேர்தலின்போது அவருக்கு நெஞ்சுச் சளி முற்றியிருந்தது. இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். மேசையில் புதிய அதிகாரி; சிங்கள இளைஞர். "நம மொகக்த?" என்று பெயர் கேட்டார். லெச்சுமி அம்மையார் சொன்னார். அதிகாரி பக்கங்களைப் புரட்டிவிட்டு, "நே அம்மே" என்றார், இல்லை அம்மா என்று. "ஆயெத் பலன்ன மாத்தயா" என்றார் இவர். மறுபடி பார்க்கச் சொன்னார். அந்த இளைஞர், அவருக்கு அல்லா நன்மை செய்யட்டும், முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து நின்று, வீரன் மகள் லெச்சுமி என்று உரக்கக் கூப்பிட்டு, ஒரு கணம் காத்திருந்துவிட்டு, இல்லை என்றார்.

படியிறங்கும்போது இருமலுக்கு நடுவே விரலை விட்டு எண்ணினார். "அம்பத்திரண்டு, அம்பத்தாறு, அறுவதுல ரெண்டு, இது ஒண்ணு. அஞ்சு தடவ நானா. என் முழுப்பேர அஞ்சு தடவ அந்த அறையில கூப்பிட வச்சிட்டேன்." அதுதான் அவர் டவுனுக்கு வந்த கடைசி நாள்.

அடக்கத்துக்கு நானும் போனேன். தேயிலைச் சரிவின் ஓரத்தில், வீரனைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் குழி. பெண்கள் யாரும் அன்று கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. அரைப்பேரும் வேண்டாம் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டார்களாம். கங்காணியும் வந்து ஒரு பிடி மண் போட்டார். அவரைக் குறை சொல்லி இப்போது என்ன, அவர் பெயரும் வாக்காளர் பட்டியலில் இல்லை.

மறுநாள் பெரட்டில் நடந்ததை நாலாம் லெச்சுமி வந்து சொன்னார். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

வழக்கப்படி அன்று நாலாம் லெச்சுமி மூணாம் லெச்சுமியாக ஏற வேண்டும். கங்காணி அவரைப் பார்த்துக்கொண்டே "மூணாம் லெச்சுமி" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். அப்போது இவர் வரிசையிலிருந்து ஓர் அடி முன்னால் வந்து சொன்னாராம்:

"மூணாம் லெச்சுமி இல்ல கங்காணி. நான் நாலாம் லெச்சுமி, அப்படியே இருக்கேன். நீங்க நாளைக்கும் கூப்பிடுங்க. நாங்க நாளைக்கும் இல்லைன்னு சொல்றோம்."

கங்காணி செக்ரோலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டாராம். மறுநாள் கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது, இன்னும் கூப்பிடுகிறார்.

லெச்சுமி அம்மையாரே, உங்கள் பெயரைத் தப்பாக எழுதியவன் இங்கே ஒரு தடவை சரியாக எழுதுகிறேன்: வீரன் மகள் லெச்சுமி, தோட்டத்துப் பதிவில் மூணாம் லெச்சுமி, இருவரும் ஒருவரே. அடுத்த தேர்தலில் என் முறை வரும்போது, என் பெயருக்கு முன்னால் உங்கள் பெயரைத் தேடச் சொல்வேன். எனக்குப் பின்னால் நாலாம் லெச்சுமி நிற்பார். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள். ஆறாவது தடவையும் அந்த அறையில் உங்களைக் கூப்பிடுவார்கள்.