பாடகனுக்கும் மெட்டுப் போடுபவனுக்கும் ஒரு பூசை

அம்மா அந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்ததில் என் பங்கு எதுவும் இல்லை. சிதம்பரத்தில் இருப்பவன் இதை இன்றுவரை நம்பவில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் ஆய்வதற்கு உட்கார்ந்தால் எதிரில் ஃபோனில் ஏதாவது ஓடவேண்டும் அவளுக்கு. தமிழில் குரல் கொடுத்த கொரிய ராஜா ராணித் தொடர் ஒன்று முடிந்ததும் ஃபோன் தானாகவே அதே நாட்டுத் தொடரான இதைப் போட்டுவிட்டது. கையெல்லாம் செதிள், மாற்ற முடியவில்லை. அப்படியே மூன்று எபிசோடு பார்த்துவிட்டாள்.

ஒரு இசைக் கம்பெனி. அதில் ஒரு பாடகன், அவனுக்கு மெட்டுப் போடுகிற ஒருவன். இரண்டு ஆண்களுக்கும் காதல். நாலாவது எபிசோடில் ரெக்கார்டிங் அறையில் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. அம்மா கொஞ்சநேரம் திரையையே பார்த்துவிட்டு, "ரெக்கார்டிங் ரூமுக்குள்ள ஷூவோடயா போவாங்க?" என்று கேட்டாள்.

"போக மாட்டாங்கம்மா" என்றேன். எனக்குத் தெரியும். சிதம்பரத்தில் இருப்பவனுடைய ரெக்கார்டிங் அறை வாசலில் எட்டு வருடமாக என் செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறேன். திருவிழாப் பாட்டு, துணிக்கடை விளம்பரம், ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகும் தேர்தல் அறிவிப்பு என்று எது வந்தாலும் பதிவு செய்து கொடுப்பான். நான் சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலை பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். சனிக்கிழமை ஆனால் கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ். அம்மாவிடம் பாட்டு வேலை என்று சொல்லியிருந்தேன். பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன், எட்டு வருடமாக.

அந்தச் சமயத்தில்தான் வடலூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் டீச்சர், நம்ம வேதம், நல்ல குடும்பம். அம்மாவுக்கு மறுபேச்சே இல்லை. என் பதிலுக்காக மட்டும் காத்திருந்தாள். நான் 'பார்க்கலாம்' என்று சொல்லி வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் முக்கால் சம்மதம். அதற்கப்புறம் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும். தடை தெரிந்தவன் பீடத்துக்கு இடது பக்கம் கீபோர்டில் உட்கார்ந்திருப்பான்.

தொடரிலும் நிலைமை சரியில்லை. கம்பெனிக்குப் பயந்து பாடகன் முதலாளியின் மகளைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டான். மெட்டுப் போடுபவன் பெட்டியோடு ஊரை விட்டே போய்விட்டான். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றானா பாரு. இவன் பயந்தாங்கொள்ளியா இருக்கறதுக்கு அந்தப் பொண்ணு என்னாடா பாவம் பண்ணுச்சு?" என்றாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், ஆனால் என்னைக் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கடைசி எபிசோடு வர இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது.

எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம் வந்தால் பூசைக் கருத்து கொடுப்பார்கள். கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியாரிடம் பேரும் காரணமும் சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்வார். பங்குச் சாமியார் பூசைக்கு முன்னால் வாசிப்பார், ஊரே ஜெபிக்கும். அம்மா போய் அந்த இரண்டு பேருக்கும் கருத்து கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பேரைக் கேட்ட உபதேசியார், "மணிப்பூர் பக்கமாம்மா?" என்றாராம். "அந்தப் பக்கமாத்தான் இருக்கும்" என்றாளாம் அம்மா. என்ன பிரச்சினை என்று கேட்டதற்கு, பிரிஞ்சிட்டாங்க, சேரணும் என்று சொல்லியிருக்கிறாள். பொய் ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை, கோயில் நிறைந்த கூட்டம். சாமியார் அந்த இரண்டு பேரையும் தட்டுத் தடுமாறி வாசித்து, "இவர்கள் மனவேற்றுமை நீங்கி மீண்டும் இணைந்து, குடும்ப சமாதானத்துடன் வாழ" என்று முடித்தார். எங்கள் பங்குமக்கள் மொத்தப் பேரும், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வயதானவர்கள் உட்பட, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். என் கை தவறான கட்டையில் விழுந்தது. பாடகர் குழு வேறு சுதியில் பாட்டை ஆரம்பித்துவிட்டது.

பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரி, "யாருக்கா அவுங்க?" என்றாள். "பையனுக்குத் தெரிஞ்சவங்க. பாட்டு ஃபீல்டு" என்று சொல்லிவிட்டு அம்மா குடையை விரித்தாள்.

சிதம்பரத்துக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "மச்சான், அடுத்து வடலூர் பொண்ணோட உன் பேரு ஓலையில வரும். அப்ப நான் எங்க நின்னு கேக்கட்டும், சொல்லு" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவன் கோபப்படவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கடைசி எபிசோடு. பாடகன் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். மெட்டுப் போடுபவன் கூட்டத்தில் நின்று அழுதான். அம்மாவும் அழுதாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கேட்டுச்சுடா சாமிக்கு" என்றாள்.

இதைவிட நல்ல நாள் வரப்போவதில்லை என்று நினைத்தேன். "அம்மா, வடலூர் பொண்ணு வேணாம்மா. சிதம்பரத்துல ரெக்கார்டிங் ரூம் வச்சிருக்கான்ல, அவனும் நானும் இவுங்க மாதிரிதான். எட்டு வருஷமா" என்றேன்.

அம்மா ஃபோனை அணைத்தாள். தரையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "அது கதைடா" என்றாள்.

அவ்வளவுதான். ஊரையே மண்டியிட வைத்து அந்த இரண்டு பேருக்காக ஜெபித்தவள், எனக்குச் சொன்னது அந்த இரண்டு வார்த்தை. வலித்தது. எழுந்து போகலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவள் ஃபோனை மறுபடி எடுத்து வடலூருக்குப் போட்டாள். "பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லைங்க. அத யாரு கேட்டாலும் நான் சொல்றேன். எம்புள்ளக்கிதான் சரிப்படாது" என்றாள். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "இல்லைங்க, மாறாது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. பயம்தான் இருந்தது. "அந்தப் பொண்ணு தப்பிச்சுச்சு. நீ எப்படிடா இருப்ப, இந்த ஊர்ல?"

"இந்த ஊர்லதாம்மா இருக்கேன், இத்தன வருஷமா" என்றேன்.