எட்டு மெத்தைகளின் கீழ்நூல்

வலது கை தையல் மெஷினின் சக்கரத்தை உருட்டியது. இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே வெள்ளைப் பருத்தி நூல் ஓடி, கீழ்நூலுக்கான பாபினில் வரிவரியாக ஏறியது. மேலே ஊசியில் கோத்திருந்தது நைலான் நூல். இரண்டும் ஒரே வெள்ளை. ரெக்சினுக்குள் போய்விட்டால் கீழே ஓடுவது எந்த நூல் என்று தைத்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

தைத்தவர் கமர்ஜஹான். திண்டுக்கல் பேகம்பூரில் பஸ், வேன் சீட்டுகளுக்கு உறை தைக்கிறார். யாரும் சொல்லித் தரவில்லை. கிழிந்த சீட்டுகளைப் பிரித்துப் பார்த்து, அதே வழியில் திரும்பத் தைத்துக் கற்றுக்கொண்டார். நூலளவு பிசகினாலும் பிரித்துவிடுவார். இருபது வருடத்தில் அவர் தையல் ஒன்றுகூட விட்டுப்போனதில்லை.

இப்போது தைப்பது ஷைனியின் பாய்மரப் படகு மெத்தைகளுக்கு. பள்ளியில் ஆறு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஷைனி, கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போனவர். போன மாதம் அவரிடமிருந்து போன் வந்தது.

"ஒரு நாளாச்சும் மெஷினை மூடி வச்சிட்டு வா கமரு. படகுல சும்மா சாஞ்சுக்கிட்டே கரையோரமாப் போய்ட்டு வருவோம்."

கமர்ஜஹான் புதுச் சேலை கட்டி, தூக்குவாளி நிறைய மட்டன் சுக்காவோடு போனார். படகில் விருந்தாளிகள் ஐந்து பேர் இருந்தார்கள். பாய் விரிந்து கரை நகர ஆரம்பித்ததும், தையல் விட்ட மெத்தை ஒன்றை ஷைனி கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"செத்த நேரம் இதைப் பாத்துரு. ஊசி நூலெல்லாம் இருக்கு."

"இவங்க யாரு?" என்றார் ஒரு விருந்தாளி.

"திண்டுக்கல்ல நம்ம டெய்லர். நடுக்கடல்ல கிழிஞ்சாலும் கவலையில்ல, கையோட கூட்டியாந்துட்டேன்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். கூடப் படித்தவள் என்று ஒரு சொல் பின்னால் வருமென்று கமர்ஜஹான் காத்திருந்தார். செல்போன்தான் வந்தது. "எல்லாரும் விழுற மாதிரி ஒரு போட்டோ எடு கமரு."

குனிந்து தைத்ததில் குமட்டியது. படகோட்டி சேவியர் மட்டும் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தார். "குனியாதீங்கக்கா. கரையைப் பாத்துக்கிட்டே இருந்தா சரியாப் போகும்."

மடியில் மெத்தை கிடந்தது. எங்கே கரையைப் பார்ப்பது? பழைய தையலின் கீழ்நூல் விரல் பட்டதும் மாவாக உதிர்வதைத்தான் பார்த்தார்.

"இது தச்சு எம்புட்டு நாளாச்சு தம்பி?"

"நாலு மாசம் இருக்கும்க்கா."

பருத்தி நூல். உப்புத்தண்ணீர் தின்றிருந்தது.

இறங்கும்போது தூக்குவாளி திறக்காமலே திரும்ப வந்தது. "எட்டு மெத்தையையும் புதுசாத் தச்சுக் குடுத்துரு" என்றார் ஷைனி. முடியாது என்று சொல்லியிருக்கலாம். "சரி ஷைனி" என்றார் கமர்ஜஹான்.

இப்போது பக்கத்தில் ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்த கணவர் அப்துல் ஹக்கீம் பாபினைப் பார்த்துவிட்டார்.

"என்ன கமரு, கடலுக்குப் போறதுக்குப் பருத்தியா? பேரு கெட்டுரும்."

"கெடட்டுங்க. அங்க நான் வெறும் டெய்லருதான. டெய்லர் பேருதான் கெடும்."

இவ்வளவு அழகாக அவர் எதையும் தைத்ததில்லை. மூலை மடிப்பு ஒன்று சாய்ந்திருந்தது என்று ஒரு பக்கம் முழுவதையும் பிரித்துத் தைத்தார். உதிரும் நாள் வரை யாரும் ஒரு குறை சொல்லக் கூடாது. ஏழு மெத்தைகள் முடிந்தன. எட்டாவது சுக்கான் பக்கத்து மெத்தை, சேவியர் உட்காருவது. அதற்கு மட்டும் பாபினை மாற்றி, கீழேயும் நைலான் போட்டார்.

ஆகஸ்ட் கடைசியில் ஷைனி காரில் வந்து இறங்கினார். தையலைத் தடவிப் பார்த்தார்.

"அடியாத்தி, ஒரு குத்துகூட விலகலையே! டிசம்பர் கடைசில எங்க கல்யாண நாளு கமரு. படகுலதான் விருந்து. அவரு ஆபீஸ்ல இருந்து பெரிய பெரிய ஆளுக வாராக. நீயும் வந்துரு."

கமர்ஜஹான் விரல் மடக்கி எண்ணினார்.

"சரியா நாலு மாசம் இருக்கு. கண்டிப்பா வாரேன்."

ஏழு மெத்தைகளையும் காரின் பின்னால் அடுக்கினார். எட்டாவதைத் தனியாக ஷைனியின் கையில் கொடுத்தார்.

"இது சேவியர் தம்பிக்கு. மாத்திப் போட்டுராத."