அம்மா இருந்த பக்கம்

வலது கையில் சோறு, இடது கைப் பெருவிரல் போனில். கண்டி நகரத்துப் பேன்சிக் கடையொன்றின் பின்னறையில் சிந்துஜா மதியச் சாப்பாட்டை முடிப்பது இப்படித்தான். திரையைக் கீழே இழுப்பாள், விடுவாள், ஒரு வாய் சாப்பிடுவாள், மறுபடி இழுப்பாள். யாரோ ஒருவனின் செய்திக்காகத்தான் இந்தத் தவம் என்று கடையில் ஒரு பேச்சு உண்டு. அவள் காத்திருப்பது தன்னுடைய வலைத்தளத்துக்கு. கிட்ஹப் என்ற இணையக் களஞ்சியத்தில் ஒரு மாற்றத்தைச் சேமித்தால் அது ஊர் கண்ணுக்குத் தெரிய ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். அதுவரை அவளுக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி டிப்ளோமா படிக்கிறாள். இறுதி ஒப்படை இந்தத் தளம்தான். தன்னைப் பற்றி ஒரு பக்கம், குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம், கற்ற தொழிலைப் பற்றி ஒரு பக்கம். தேறினால் அதன் முகவரியை வேலை விண்ணப்பத்தில் போடலாம். அவளுடைய ஆசை ஒன்றும் வானத்தைத் தொடுவதல்ல. “நாள் பூரா நின்னு நின்னு காலு வீங்குது. உக்காந்து செய்ற வேல ஒண்ணு வேணும், ஒரு கதிரை, அவ்வளவுதான்” என்பாள்.

ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் என்ன மாற்றினாய் என்று களஞ்சியம் ஒரு வரி கேட்கும். மற்றப் பிள்ளைகள் ஏதோ ஒரு சொல்லைத் தட்டிவிட்டுப் போவார்கள். சிந்துஜா டாக்டரிடம் வருத்தம் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொல்வாள். ‘நிறம் மாற்றினேன், பிடிக்கவில்லை.’ ‘பழைய நிறமே நல்லது.’ ‘என் பெயர் மிகவும் பெரிதாகத் தெரிகிறது, வெட்கமாக இருக்கிறது.’ எல்லாம் அவளுடைய தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில். விரிவுரையாளர் கிருஷ்ணராஜுக்கு இந்த வரிகள் என்றால் உயிர்.

எந்த ஊர் என்று கேட்டால் “கண்டி” என்பாள். கண்டியில் எங்கே என்றால் “டவுன் பக்கந்தான்.” மாலையில் ஹந்தானை பஸ்ஸில் ஏறுமுன் தெரிந்த முகம் எதுவும் இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வாள். பஸ் மலையேறி நிற்கும் இடத்திலிருந்து தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு இறங்கி நடக்க வேண்டும். அங்கே அவளும் அம்மா இரத்தினம்மாவும் மட்டும்.

ஆனால் அவள் தளத்தில் முதன்முதலாக ஏற்றிய படம் அம்மாவுடையதுதான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, முதுகில் கொழுந்துப் பையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரத்தினம்மா. சிந்துஜாவே எடுத்தது. கீழே, அம்மா கொழுந்து பறிக்கிறார் என்று எழுதியிருந்தாள். அன்று அவள் எழுதிய குறிப்பு, ‘என் அம்மா, முதல் படம்.’

அடுத்த ஞாயிறு பக்கத்துக் கதிரையில் இருந்த பிரேமிளா அதைப் பார்த்தாள். நகரத்துப் புடவைக் கடைக்காரரின் மகள். கெட்ட பிள்ளை இல்லை. “அட, நல்லா இருக்கே! டூரிஸ்ட் போஸ்ட்கார்ட் மாதிரி. நெட்ல இருந்தா எடுத்த?” என்றாள். ‘இல்லை, என் அம்மா’ என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? சிந்துஜா “ஆமா” என்றாள். அந்த ஒரு சொல் வாயைவிட்டுப் போனதும் மற்றதெல்லாம் தன்னால் நடந்தது. “ஐயோ, நெட் படம் போடக் கூடாதுன்னு சேர் சொன்னாரே” என்று பிரேமிளா அக்கறையோடு எச்சரிக்க, அங்கேயே படத்தை நீக்கினாள். கொழுந்து வரியையும் எடுத்தாள். தாயின் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதினாள். விடிந்ததும் மலைக்குப் போய்க் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பிறகே வீடு திரும்பும் மனுசி, மகளின் பக்கத்தில் வீட்டோடு இருந்துவிட்டாள். களஞ்சியம் வழக்கம்போலக் காரணம் கேட்டது. ‘இந்தப் படம் தேவையில்லை’ என்று எழுதினாள்.

அழித்ததோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தாள். அந்தப் பக்கங்களின் பழைய பதிப்புகள் எல்லாம் அப்படியே வரிசையாக உள்ளே இருக்கின்றன என்பதைத் திகனவிலிருந்து வகுப்புக்கு வரும் ஷிபானா சொன்னபோது சிந்துஜாவின் முகம் செத்துப்போயிற்று.

“இத எப்படி இல்லாம ஆக்குறது?”

“அது சும்மா போகாதுடி. எத மாத்தினாலும் பழசு உள்ளுக்கு ஈக்கும். ஓணும்னா மொத்தத்தயும் அழிச்சிட்டு முதல்ல இருந்து செய்யி. ஆனா சேர் மார்க்ஸ் போடுறதே அத வெச்சித்தானே?”

உண்மைதான். மாதக்கணக்கில் தானாகச் செய்ததற்கு அந்த வரிசைதான் சாட்சி. ஒரே நாளில் முளைத்த தளத்துக்குப் புள்ளி கிடையாது என்று கிருஷ்ணராஜ் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். அழித்தால் கதிரை போகும். விட்டால் அம்மாவைத் தேவையில்லை என்று எழுதிய வரி அவள் பெயரோடு நிற்கும். யார் போய்த் தோண்டப் போகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதன் பிறகு வீட்டில் அம்மா தேத்தண்ணி நீட்டினால்கூட முகத்தைப் பார்த்து வாங்க அவளால் முடியவில்லை.

இறுதி நாளுக்குப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். சிந்துஜா வீட்டில் மூச்சு விடவில்லை. கிருஷ்ணராஜ் வீடு வீடாகப் போன் எடுப்பார் என்பது அவளுக்குத் தெரியாது. அரைப் பேர்தான் விழும், பாதி நாள் சம்பளம்தான் என்று தெரிந்தும் இரத்தினம்மா கொழுந்தைப் பாதியில் விட்டுவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

“சொந்தமா வேலை செய்யிற பிள்ளையின்ட தளம் எப்படி இருக்கும்னு காட்டுறேன்” என்று கிருஷ்ணராஜ் சிந்துஜாவின் களஞ்சியத்தைப் பெரிய திரையில் திறந்தார். அவளுடைய குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தார். சபை சிரித்தது. “சேர், அது வேணாம் சேர்” என்று அவள் எழுந்தாள். அதற்குள் அவர் அடுத்ததைத் தட்டிவிட்டு, ‘இந்தப் படம் தேவையில்லை’ என்ற குறிப்பையும் வாசித்துவிட்டார். ஆங்கிலத்தில்தான். திரை நிறைய இரத்தினம்மாவின் படம். சுற்றிலும் சிவப்புக் கட்டம். அதன் தலைமாட்டில், நீக்கப்பட்டது என்ற ஆங்கிலச் சொல்.

பிரேமிளா திரையைப் பார்த்தாள், முன்வரிசையைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். கிருஷ்ணராஜின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. தமிழ்ப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிக்கும் இரத்தினம்மாவுக்கு ஆங்கிலம் மட்டும் தெரியாது.

“ஐயோ, என் படத்தையும் போட்டிருக்கா பாருங்களேன்!” அவர் பக்கத்திலிருந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு வார்த்த சொல்லலியே இந்தப் புள்ள.” கிருஷ்ணராஜ் அவசரமாகப் பக்கத்தை மாற்றப் போனார். “சேர், கொஞ்சம் இருங்க சேர்” என்று இரத்தினம்மா சேலையைச் சரிசெய்தபடி எழுந்து மகளிடம் வந்தார். தன் போனை நீட்டினார்.

“இத ஒரு போட்டோ புடிச்சுத் தா. நாளைக்கு மலையில எல்லாத்துக்கும் காட்டணும்.”

சிந்துஜா போனை வாங்கினாள். மேலே இருக்கும் சொல் விழாதபடி கொஞ்சம் கீழே சரித்தாள். அம்மா தோளோடு ஒட்டி நின்று எட்டிப் பார்த்தார்.

“முழுசா எடுடி. அந்தச் செவப்பு பிரேமும் சேத்து.”

சிந்துஜா போனை உயர்த்தி முழுவதையும் எடுத்தாள்.